பக்கவாத்தியக்காரரின் நினைவு: நிக் மேசனும் பிங்க் ஃபிளாய்டின் பழைய ஒலியும்

2018ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், இலண்டனின் கேம்டன் பகுதியில் உள்ள டிங்வால்ஸ் என்னும் சிறிய அரங்கில் ஓர் இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. சில நூறு பேர் நெருக்கி நின்று கேட்கும் இடம் அது. டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவருக்கு வயது 74. பெரும் விளையாட்டு மைதானங்களை நிரப்பிப் பழகிய பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டிரம்மர் நிக் மேசன் அவர். 1994ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கில் அக்குழுவின் கடைசி இசைப்பயணம் முடிந்த பிறகு, அவர் எந்தக் குழுவுடனும் தொடர்ச்சியாக மேடையேறியதில்லை. புதிய குழுவுக்கு 'நிக் மேசன்ஸ் சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார். பிங்க் ஃபிளாய்டின் இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு அது, 1968இல் வெளிவந்தது.

ஒரு பழைய ராக் குழுவின் உறுப்பினர் முதுமையில் மேடைக்குத் திரும்புவதில் புதுமை ஏதுமில்லை. புகழ்பெற்ற பாட்டுகளை வாசிப்பார்கள், கூட்டம் சேர்ந்து பாடும், எல்லாரும் மனநிறைவோடு வீடு திரும்புவார்கள். மேசனின் குழு செய்தது வேறு. 1973இல் வெளிவந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இடம்பெற்ற ஆல்பம். அதிலிருந்து ஒரு பாட்டுகூட இக்குழுவின் நிரலில் இல்லை. 'விஷ் யூ வேர் ஹியர்' இல்லை, 'த வால்' இல்லை. நிரல் முழுவதும் 1967க்கும் 1972க்கும் இடைப்பட்டது. உலகம் எதைப் பிங்க் ஃபிளாய்டின் செவ்வியல் ஒலி என்று ஏற்றுக்கொண்டிருந்ததோ, அதன் வாசலில் வந்து இக்குழு நின்றுவிடுகிறது.

'செவ்வியல்' என்ற சொல் யாரால், எப்போது, எதன்மீது வைக்கப்படுகிறது என்னும் விவாதம் தமிழ் ஆய்வுலகுக்குப் பழக்கமானது. ஒரு காலத்தில் ஓரங்கட்டப்பட்டவை பின்னொரு காலத்தில் மூலமாகக் கொண்டாடப்படுவதும், நேற்றுவரை மையத்தில் இருந்தவை பிற்சேர்க்கையாகக் குறுகுவதும் இலக்கிய வரலாற்றில் நடந்தவையே. ராக் இசைக்கு வயது எழுபதுதான். ஆனாலும் அதற்குள் அதே கேள்வி வந்துவிட்டது. மேசனின் முயற்சியில் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. கேள்வியை எழுப்பியவர் பாட்டு எழுதியவர் அல்லர், பாடியவரும் அல்லர். பின்னால் உட்கார்ந்து தாளம் வாசித்தவர்.

தமிழில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: பக்கவாத்தியக்காரர். கருநாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் எத்தனை மேதைமையுடன் வாசிக்கப்பட்டாலும், பாட்டின் உரிமை பாடகருடையது. தனி ஆவர்த்தனம் என்பது பாடகர் விட்டுக்கொடுக்கும் நேரம். பாலக்காடு மணி ஐயரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வாழ்ந்த காலத்திலேயே அவர்களுடைய வாசிப்பைக் கேட்பதற்கென்று கூட்டம் வந்தது. அப்போதும் அழைப்பிதழில் பாடகரின் பெயருக்குக் கீழேதான் அவர்கள் பெயர் அச்சானது. மலைத்தொடரின் மேற்கே வழக்கம் வேறு. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தறை மேளத்தில் பாடகர் என்று எவரும் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் நிற்கும் அந்த அணியை நடுவில் நிற்கும் செண்டைக் கலைஞர் நடத்துகிறார். அவருக்குப் பிரமாணி என்று பெயர். போனக்காட்டைப் போலத் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்துப் புழங்கும் மலைச்சரிவு ஊர்களில் இவ்விரு வழக்கங்களையும் அறிந்தவர்கள் இருப்பார்கள். ஒரே தோல்வாத்தியம் ஒரு பக்கம் துணை, மறுபக்கம் தலைமை. ராக் குழுவின் டிரம்மர் இவ்விரண்டுக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறார். எங்கே என்பதைத் தீர்மானிக்கும் வரையறை அவ்விசையில் இல்லை. குழு ஒற்றுமையாக இருக்கும்வரை அந்தக் கேள்வி எழுவதும் இல்லை. பாடகர் போன பிறகே எழுகிறது.

இந்தியக் குழுக்களிலும் இது நிகழ்ந்திருக்கிறது. கொச்சியில் 1996இல் தொடங்கிய மதர்ஜேன் குழுவிலிருந்து பாடகர் சூரஜ் மணியும் கிதார் கலைஞர் பைஜு தர்மஜனும் விலகியபோது, குழுவின் பெயரையும் ஒலியையும் தாங்கிப் பிடித்தவர் தொடக்கம் முதல் இருந்த டிரம்மர் ஜான் தாமஸ். தில்லியின் இந்தியன் ஓஷன் குழுவில் 2009 டிசம்பரில் அசீம் சக்ரவர்த்தி மறைந்தபோது இடர் இன்னும் ஆழமானது. அவர் தபலா வாசித்துக்கொண்டே பாடியவர். ஒருவரின் இடத்தை நிரப்ப இருவர் தேவைப்பட்டார்கள், தபலாவுக்கு ஒருவரும் பாட்டுக்கு ஒருவரும். மேசனின் வரலாறு இவற்றைவிட நீண்டது, ஆவணங்களும் மிகுதி. பக்கவாத்தியக்காரரின் உரிமை என்ன என்பதை ஆராய அது வசதியான களம்.

1962இல் இலண்டன் ரீஜன்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை பயிலச் சேர்ந்த மாணவர்களில் மேசன், ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட் ஆகிய மூவரும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஓவிய மாணவர் சிட் பாரெட் பின்னர் சேர்ந்தார். குழுவுக்குப் பெயர் வைத்தவர் அவரே. 1967 மார்ச்சில் 'அர்னால்ட் லேன்', ஜூனில் 'சீ எமிலி பிளே', ஆகஸ்டில் முதல் ஆல்பமான 'த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்'. அபே ரோடு ஸ்டுடியோவில் அந்த ஆல்பம் பதிவான மாதங்களில், அதே கட்டடத்தில் பீட்டில்ஸ் தங்கள் 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். முதல் பிங்க் ஃபிளாய்டின் பாட்டுகள் பெரும்பாலும் பாரெட்டுடையவை. அதற்குள் அவருடைய மனநிலை குலையத் தொடங்கியிருந்தது. 1968 சனவரியில் டேவிட் கில்மோர் ஐந்தாவது ஆளாகச் சேர்க்கப்பட்டார். அந்த மாதம் 26ஆம் நாள் சௌத்ஹாம்ப்டன் நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட வண்டி பாரெட்டை அழைத்துப்போக நிற்கவில்லை. ஏப்ரலில் அவர் விலகல் முறையாக அறிவிக்கப்பட்டது. ஒரு குழுவின் மூலகர்த்தா இப்படித்தான் வெளியேறினார்: சண்டையில்லை, கடிதமில்லை, ஒரு வளைவில் வண்டி திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அதன்பின் வந்த ஐந்து ஆண்டுகளைக் குழுவின் வரலாற்றை எழுதுவோர் 'தேடல் காலம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது வழக்கம். பாட்டு எழுதுபவர் போய்விட்டார், அடுத்தவர் இன்னும் உருவாகவில்லை, ஆகவே தடுமாற்றம் என்பது அதன் உட்பொருள். டிரம்ஸின் பக்கத்திலிருந்து கேட்டால் அந்த ஆண்டுகள் வேறுவிதமாக ஒலிக்கின்றன. 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்' என்ற வாட்டர்ஸின் பாட்டு இரண்டாவது ஆல்பத்தில் உள்ளது. ஐந்து உறுப்பினர்களின் பங்களிப்பும் சேர்ந்த ஒரே ஸ்டுடியோப் பதிவாக அதைக் குறிப்பிடுவார்கள். அதில் மேசன் வழக்கமான மரக்குச்சிகளைக் கைவிட்டு, நுனியில் மென்பந்து பொருத்திய டிம்பனிக் கோல்களால் டாம்களை வருடுவதுபோல் வாசிக்கிறார். ராக் டிரம்ஸின் அடையாளமான ஸ்நேர் அறை அங்கே இல்லை. 1958 நியூபோர்ட் விழாவைப் படமாக்கிய 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' திரைப்படத்தில் சிகோ ஹாமில்டன் கோல்களால் வாசிக்கும் காட்சியே தமக்கு வழிகாட்டியது என்று மேசன் சொல்லியிருக்கிறார். பாட்டின் சொற்களுக்கு வாட்டர்ஸ் சீனத்துத் தாங் காலக் கவிதைகளை நாடியவர். ஆக, ஒரே பாட்டில் வாட்டர்ஸ் சீனத்துக்குப் போனார், மேசன் ஜாஸுக்குப் போனார். கேட்பவர் நினைவில் எஞ்சுவது இரண்டாவதுதான் என்று சொன்னால் வாட்டர்ஸின் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு உருவான விதம் இன்னும் சுவையானது. சுரக்குறியீட்டில் தேர்ச்சியற்ற வாட்டர்ஸும் மேசனும், கட்டடக்கலை மாணவர்களாயிற்றே, தாளில் மேடுபள்ளங்களாக வரைபடம் போட்டு அதன்படி இசையை அமைத்தார்கள். எந்த இடத்தில் அடர்த்தி, எந்த இடத்தில் வெறுமை, எங்கே ஏற்றம் என்பதே அந்தப் படம். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை. கிதாரும் குரலும் மையமாக உள்ள பாட்டை இப்படி வரைய இயலாது. இரண்டு தாள வாத்தியக்காரர்கள், அதாவது பேஸ் கிதாரும் டிரம்ஸும், இசையைக் காலத்தில் எழுப்பும் கட்டடமாகக் கருதினால் மட்டுமே இயலும்.

இங்கே ஆல்பங்களின் பின்னட்டையைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்', 'எ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஆட்டம் ஹார்ட் மதர்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்', 'எக்கோஸ்' ஆகிய நீண்ட ஆக்கங்கள் அனைத்திலும் ஆசிரியர் வரிசையில் அன்றைய உறுப்பினர் நால்வரின் பெயரும் உண்டு. 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஒன்றில் ரான் கீசினின் பெயரும் கூட. மேசன் அங்கே ஆசிரியர். 'டார்க் சைட்' ஆல்பத்திலும் அவர் பெயர் சில இடங்களில் தொடர்கிறது. 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் பெயர் இல்லை. 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்திலும் இல்லை, 1979இன் 'த வால்' ஆல்பத்திலும் இல்லை. வாசிப்பவர் அவரே, ஆசிரியர் அவர் அல்லர். 2018இன் நிரலுக்கு எல்லைக்கோடு 1972இல் விழுந்ததற்கு ஆரம்பகால விருப்பம், பாரெட்டின் மீதான ஏக்கம் எனப் பல விளக்கங்கள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றில் உண்மையும் இருக்கலாம். எனினும் அந்தக் கோடு, டிரம்மர் ஆசிரியராக இருந்த காலத்தின் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் ஓடுகிறது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

கூட்டாசிரியம் என்பது அங்கே சட்டச் சொல் மட்டுமன்று, ஒலியிலேயே கேட்கக்கூடியது. 1970இல் 'ஆட்டம் ஹார்ட் மதர்' பதிவானபோது அபே ரோடில் புதிய எட்டுத்தட இயந்திரம் வந்திருந்தது. அந்த ஒலிநாடாவை வெட்டி ஒட்டக்கூடாது என்பது நிறுவனத்தின் கட்டளை. விளைவாக மேசனும் வாட்டர்ஸும் இருபது நிமிடங்களுக்கு மேற்பட்ட அந்த ஆக்கத்தின் தாள அடித்தளத்தை ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டியிருந்தது. இடையிடையே காலப்பிரமாணம் அசைகிறது என்பதை மேசனே தமது 'இன்சைட் அவுட்' நூலில் ஒப்புக்கொள்கிறார். கச்சேரிக்காரர்கள் இதைக் குறை என்பார்கள், குறைதான். அந்த அசைவின் மீதுதான் பின்னர் பித்தளைக் குழல்களும் பாடகர் குழுவும் ஏற்றப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

1971 அக்டோபரில் அட்ரியன் மேபன், பொம்பேயின் பழைய திறந்தவெளி அரங்கில், பார்வையாளர் எவருமின்றி, குழுவைப் படமெடுத்தார். 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பகுதியில் திரையை நிறைப்பவர் ஏறக்குறைய மேசன் மட்டுமே. அது அழகியல் முடிவு என்று பலர் நினைத்ததுண்டு. உண்மையில் மற்றவர்களைக் காட்டிய படச்சுருள்கள் காணாமற்போயிருந்தன. வாசிப்பின் நடுவே அவர் கையிலிருந்து ஒரு குச்சி நழுவிப் பறக்கிறது. தாளம் தவறாமல் அடுத்ததை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பாட்டில் ஒலிக்கும் ஒரே வாய்ச்சொல்லும் உருமாற்றப்பட்ட மேசனின் குரல். பக்கவாத்தியக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் கிடைத்தது, அதுவும் படச்சுருள் தொலைந்த புண்ணியத்தில்.

பிறகு வெற்றி வந்தது, இறுக்கமும் வந்தது. திரையில் ஓடும் படத்தோடு இசை பொருந்த வேண்டும் என்ற ஏற்பாடு வளர வளர, தாளத்தின் அதிகாரம் மனிதனிடமிருந்து கருவிக்கு மாறியது. 'த வால்' நிகழ்ச்சிகளில் மேசன் காதில் ஒலிபெருக்கி மாட்டி, அதில் வரும் கிளிக் ஒலியைப் பின்பற்றி வாசித்தார். முன்பு அவர் காலத்தைத் தந்தார், இப்போது காலம் அவருக்குத் தரப்பட்டது. இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. எல்லா ஆல்பங்களிலும் இடம்பெற்ற ஒரே உறுப்பினர் என்ற பெருமைக்குப் பின்னால், அவருடைய ஆசனத்தில் வேறு சிலர் உட்கார்ந்த நிகழ்வுகள் உண்டு. 'த வால்' ஆல்பத்தின் 'மதர்' பாட்டுக்கு வாசித்தவர் ஜெஃப் போர்காரோ. 1983இன் 'த ஃபைனல் கட்' ஆல்பத்தின் இறுதிப் பாட்டுக்கு ஆண்டி நியூமார்க். வாட்டர்ஸ் விலகிய பின் 1987இல் வந்த 'எ மொமன்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' ஆல்பத்தில், பயிற்சி விட்டுப்போயிருந்த மேசனுக்குப் பதிலாகப் பெரும்பகுதியை ஜிம் கெல்ட்னர், கார்மைன் அப்பீஸ் ஆகியோரும் தாள இயந்திரங்களும் வாசித்தன. அவருடைய பெயர் அட்டையில் இருந்தது, கை ஒலியில் இல்லை. 2019இல் அந்த ஆல்பம் மறுகலவை செய்யப்பட்டபோது, முப்பது ஆண்டுகள் கழித்து, மேசன் தம் பகுதிகளைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். ஓலைச்சுவடிப் பதிப்பில் பிற்சேர்க்கையை நீக்கி மூலபாடத்தை மீட்பார்கள். இங்கே முதலில் இல்லாத மூலபாடம் பிற்காலத்தில் எழுதிச் சேர்க்கப்பட்டது. பதிப்பியல் பயில்வோர் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது.

2005 சூலை 2ஆம் நாள் இலண்டன் ஹைட் பூங்காவில் நால்வரும் ஒருமுறை சேர்ந்து வாசித்தார்கள். மறு ஆண்டு சூலையில் பாரெட் இறந்தார். 2008 செப்டம்பரில் ரைட் இறந்தார். வாட்டர்ஸுக்கும் கில்மோருக்கும் இடையில் பேச்சு முறிந்தது. குழு இனி இல்லை என்பது அறிவிக்காமலே தெரிந்த செய்தி. 2016இல் ஆரம்பகாலப் பதிவுகளின் பெருந்தொகுப்பும், 2017இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் குழுவைப் பற்றிய கண்காட்சியும் வந்தன. இரண்டிலும் மேசன் நெருக்கமாக ஈடுபட்டார். தம் இளமை கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டு நடந்த டிரம்மருக்கு, வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் முதலில் வாய்விட்டுச் சொன்னவர் வேறொருவர்: கிதார் கலைஞர் லீ ஹாரிஸ். அவர் பேஸ் கிதார் கலைஞர் கை பிராட்டிடம் சொல்ல, 1987 முதல் பிங்க் ஃபிளாய்ட் மேடைகளில் வாசித்துவந்த பிராட் அதை மேசனிடம் கொண்டுசென்றார். கீபோர்டுக்கு டாம் பெக்கன் வந்தார். பாடவும் கிதார் வாசிக்கவும் வந்தவர் கேரி கெம்ப், 1980களின் ஒப்பனைப் பளபளப்புக் குழுவான ஸ்பாண்டோ பாலேயின் பாடலாசிரியர்.

கெம்ப்பின் பெயரைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்தத் தேர்வில் ஒரு நுட்பம் உண்டு. பிங்க் ஃபிளாய்டைப் பிசிறின்றிப் படியெடுக்கும் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1988இல் தொடங்கிய 'ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ' அவற்றில் முதன்மையானது. கில்மோரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிலேயே வாசித்த குழு. கில்மோரைப் போலவே கிதாரை அழவைக்கும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மேசன் அவர்களில் ஒருவரை அமர்த்தியிருந்தால் தம் சொந்தக் குழுவின் நகல் குழுவில் வேலைக்குச் சேர்ந்தவர் ஆகியிருப்பார். கெம்ப் பாரெட்டைப் போலப் பாட முயல்வதில்லை, கில்மோரைப் போல வாசிக்க முயல்வதுமில்லை. பாட்டு தெரியும், பாணி அவருடையது. தாளம் மட்டும் மூலத்தினுடையது. 2019 மே மாதம் இலண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் பதிவாகி 2020 செப்டம்பரில் வெளிவந்த ஆல்பத்தில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். முதல் பாட்டு 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்'. எங்கே விரியும், எங்கே சிதறும், எங்கே மீண்டும் கூடும் என்பதை மற்ற நால்வரும் டிரம்ஸின் பக்கம் திரும்பித் தெரிந்துகொள்கிறார்கள். அதே ரவுண்ட்ஹவுஸில்தான் 1966 அக்டோபர் 15ஆம் நாள் 'இன்டர்நேஷனல் டைம்ஸ்' இதழின் தொடக்க விழாவில் பிங்க் ஃபிளாய்ட் வாசித்தது.

இன்னொரு டிரம்மரை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் மூவரில் கீத் எமர்சனும் கிரெக் லேக்கும் 2016ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து இறந்தார்கள். எஞ்சியவர் டிரம்மர் கார்ல் பாமர். கீபோர்டே உயிராக இருந்த அந்த இசையை அவர் நெடுங்காலம் கீபோர்டு இல்லாமல், கிதாரும் பேஸும் கொண்ட இளைஞர்களோடு மாற்றி வாசித்துவந்தார். துணிவான முயற்சி அது. 2022இல் வேறு வழியை எடுத்தார்: 1992இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் எடுத்த படத்தில் எமர்சனும் லேக்கும் பெருந்திரையில் வாசிக்க, மேடையில் பாமர் உயிரோடு கூட வாசித்தார். அரங்குகளில் கண்கலங்கியவர்கள் உண்டு, அதை எள்ளுவது நாகரிகமன்று. ஆனால் அங்கே இறந்தவர்களின் காலப்பிரமாணத்தை உயிரோடிருப்பவர் பின்பற்றுகிறார். முப்பதாண்டுக்கு முந்தைய ஓர் இரவு எந்த வேகத்தில் நடந்ததோ அதே வேகத்தில் இன்றைய இரவும் நடக்க வேண்டும். மேசன் எதிலிருந்து விடுபட்டு வந்தாரோ, பாமர் துக்கத்தால் அதற்குள் போனார்.

மேசனின் முயற்சியில் நெருடும் இடங்களும் உண்டு. 'வெஜிடபிள் மேன்' என்ற பாட்டை 1967இல் எழுதியபோது பாரெட் தம் உடைந்த நிலையையே அதில் எழுதினார். கேட்கச் சங்கடமானது என்று கருதி அன்று அதை வெளியிடவில்லை. 2016 தொகுப்பில்தான் அது முறையாக வெளிவந்தது. சாஸர்ஃபுல் குழு அதை மேடையில் உற்சாகமான ராக் பாட்டாக வாசிக்கிறது. எழுதியவர் இல்லை, ஒப்புதல் கேட்க வழியில்லை. உடன் வாசித்தவர் என்ற உரிமை அத்தனை தூரம் நீளுமா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வியன்று. அவ்வண்டியில் இருந்தவர்களில் மேசனும் ஒருவர். மறுபுறம், வாட்டர்ஸும் கில்மோரும் வெளிப்படையாகவே கைகழுவிய 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆக்கத்தை, குழல்களும் பாடகர் குழுவும் இன்றிச் சுருக்கி, 'இஃப்' என்ற மெல்லிய பாட்டின் இரு பாதிகளுக்கு நடுவில் வைத்து வாசித்தது இக்குழுவின் ஆகச் சிறந்த திறனாய்வு முடிவு. கட்டுரை எழுதி நிறுவ முடியாததை ஒரு நிரல் நிறுவிவிட்டது. வசதிபடைத்தவரின் சுதந்திரம் இது என்று ஒருவர் சொன்னால் அதையும் மறுக்க முடியாது. விலைமதிப்பற்ற பந்தயக் கார்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்குப் புகழ்பெற்ற பாட்டுகளைத் தவிர்க்கும் துணிவு எளிது.

2019 ஏப்ரல் 18ஆம் நாள் நியூயார்க்கின் பீகன் அரங்கில் வாட்டர்ஸ் மேடையேறி, 'செட் த கன்ட்ரோல்ஸ்' பாட்டைப் பாடினார், பெருஞ்சேகண்டியையும் அடித்தார். அந்த ஒருசில நிமிடங்களுக்குப் பாடகர் விருந்தினர், டிரம்மர் வீட்டுக்காரர். அடுத்த இசைப்பயணத்தில், 2022இல், 'எக்கோஸ்' நிரலில் சேர்ந்தது. ரைட் இறந்தபின் அதை இனி வாசிப்பதில்லை என்பது கில்மோரின் முடிவு. மரியாதைக்குரிய முடிவுதான்; ரைட்டின் கீபோர்டும் குரலும் இல்லாமல் அந்த இருபத்துமூன்று நிமிடங்களை நினைத்துப் பார்ப்பது கடினம். மேசனின் முடிவு வேறு. ஒருவர் துக்கத்தை வாசிக்காமல் காக்கிறார், மற்றவர் வாசித்துக் காக்கிறார். 2024இல் பிங்க் ஃபிளாய்டின் பதிவுகளுக்கான உரிமையைச் சோனி நிறுவனம் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. நாடாவில் பதிந்தது விற்கப்பட்டது.

ரவுண்ட்ஹவுஸ் நிரலில் ஏழாவதாக ஒரு பாட்டு உண்டு: ரைட் எழுதிய 'ரிமெம்பர் எ டே'. 1968 ஆல்பத்தில் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் மேசன் அல்லர். அந்தத் தாளம் அவர் கைக்கு அன்று சரியாக வரவில்லை. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்தே உட்கார்ந்து வாசித்துவிட்டார். ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து, 75ஆம் வயதில், மேசன் அந்தப் பகுதியைக் கற்றுக்கொண்டு வந்து வாசித்தார்.